வயிற்று வாய்வும் விரல் வீக்கமும்

மூட்டு வலிப் பிரிவில் புதிதாக உட்காரப் போகிற உங்கள் காதில் முதல் நாளே விழப்போகிற சொல் ஒன்று உண்டு. வாய்வு. நீங்கள் படித்த தடித்தடியான புத்தகங்களில் அது இருக்காது. ஆனால் நம் பக்கத்தில் விரல் வீங்கினாலும் வாய்வு, முழங்கால் பிடித்தாலும் வாய்வு, முதுகில் சுளுக்கினாலும் வாய்வு. மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் சோறு இறங்கவில்லை என்றாலும் அதுவும் வாய்வுக் கணக்கில்தான் சேரும். "வயித்து வாய்வு வெரலுக்கு எறங்கிருச்சு டாக்டரம்மா" என்று ஒருவர் கையை நீட்டும்போது சிரித்துவிடாதீர்கள். நான் இருபத்தைந்து வருடம் சிரித்தவள். அதனால் வந்த கஷ்டத்தை அனுபவித்தது நான் இல்லை, வேறொருத்தி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எல்லா நாளும் ஓடிவிடுகிறது, வியாழக்கிழமை காலை மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. அது எங்கள் மூட்டு வலி ஓ.பி. நாள். எட்டரை மணிக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பஸ் வந்து நிற்கும். பெண்கள் கம்பியைப் பிடிக்காமல், முழங்கையைக் கொடுத்து இறங்குவார்கள். ஜன்னல் வழியே அதைப் பார்த்தாலே இன்றைக்கு யார் யாருக்கு வலி கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கையை வாங்கிப் பார்த்தால் பட்டாசு கம்பெனியில் என்ன வேலை என்பதும் தெரியும். நகக்கண்ணில் வெள்ளி மினுங்கினால் அலுமினியப் பவுடர், மருந்து அடைக்கிற வேலை. விரல் நுனி கருத்திருந்தால் திரி வேலை. உள்ளங்கையில் பசை காய்ந்து தோலோடு தோலாகக் கிடந்தால் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர். கை பளிச்சென்று சுத்தமாக இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும், வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கைகளை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு கைகளை நம்பி நம்மிடம் நீட்டுகிற வேலை வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்றால் முதலில் வெடிமருந்து. நம் மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகுதான். இது தெரியாமல் வந்த நாட்களில், "மருந்து தொடர்ந்து எடுக்கிறியாம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "இல்ல டாக்டரம்மா, இப்ப பேக்கிங் பக்கம் மாத்திட்டாக" என்று பதில் வந்தது. பிறந்தது விருதுநகர், வாங்கிய பட்டமோ வெளியூர். ஊர்ச்சொல்லை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் படித்துவிட்டு வந்திருந்தேன் போல.

வாய்வு என்று சொன்னால் நான் செய்கிற கேலி அந்தப் பகுதியில் பிரசித்தம். "வயித்துக்கும் வெரலுக்கும் நடுவுல குழாய் போட்டிருக்காகளா? காத்து எந்த வழியா வந்துச்சு?" என்பேன். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். என் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு கடைசி வரை இருந்த சீனியர் சிஸ்டர்தான் ரொம்பப் பின்னால் ஒரு நாள் விஷயத்தை உடைத்தார். வெளியே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடக்குமாம். "உள்ள போயி வாய்வுன்னு சொல்லிராத, அந்தம்மா கேலி பண்ணும். வெரலு வலிக்குன்னு மட்டும் சொல்லு." வயிற்றைப் பற்றி யாரும் என்னிடம் வாயைத் திறக்காததன் காரணம் அதுதான். நானோ, நம் மக்களுக்கு வயிற்றுக் கோளாறே இல்லை என்று இருந்தேன்.

அந்தப் பாடத்தைக் கேட்டும் மதிக்காமல் வந்தவள் பேச்சியம்மாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிற வேலை. வயது நாற்பதுக்குள். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது என்றாள். வாய்வு என்றும் சொன்னாள். நான் வழக்கம்போலக் குழாயை எடுத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"குழா இருக்கோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. மொச்சை தின்ன மறுநா எனக்கு வெரலு மடங்க மாட்டேங்குது. அது ஏன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பதில் இல்லாதபோது டாக்டர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். முடக்குவாதம் என்று உறுதியானது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் மூட்டுகளைத் தாக்குகிற நோய். வாரம் ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரையை ஆரம்பித்தேன். அது அவளுக்கு ஒத்துவந்தது. நாலாவது மாதம் உள்ளே வந்தவள், கையை இறுக்கி மூடிக் காட்டினாள். "பாத்தீகளா, இப்ப ஒங்கள ஒரு குத்து குத்தலாம்" என்றாள். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்களில் அது ஒன்று.

ஒரே குறை, மாத்திரை போட்ட மறுநாள் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். சோறு பிடிக்காது. "வெரலுக்கு நல்லது பண்ணுது, வயித்தக் கெடுக்குது" என்பாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவேன்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒருவர் பேசினார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. எதிர்ப்புச் சக்திக்கு யார் சொந்தம், யார் அந்நியம் என்று பழக்கிக் கொடுப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. முடக்குவாதம் புதிதாக வந்தவர்கள் பலரிடம் அந்தக் குடியிருப்பு மாறிப்போயிருக்கிறது, ஒரு சில கிருமிகள் கூடுதலாகத் தென்படுகின்றன. நாம் கொடுக்கிற வார மாத்திரை ஒருவருக்கு வேலை செய்வதும் இன்னொருவருக்குச் செய்யாததும்கூட அந்தக் கிருமிகளைப் பொறுத்து இருக்கலாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. குழாய் இல்லைதான், ஆனால் வழி இருக்கிறது! பஸ்ஸில் திரும்பி வருகிற வழி முழுக்கப் பேச்சியம்மாளின் மொச்சையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என்னை மட்டம் தட்டிய ஒருத்தி கெட்டிக்காரி என்று தெரிந்தால் ஒரு சந்தோஷம் வரும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து அவள் வந்த வியாழக்கிழமை, கதவு திறந்திருக்க, வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"பேச்சி, நீ சொன்னதுதான் சரி. நாந்தான் கேலி பண்ணிட்டேன். வயித்துல இருக்க கிருமிக்கும் ஒன் வெரலு நோவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இப்ப பெரிய பெரிய டாக்டருகளே சொல்றாக."

வரிசையில் ஒரு சலசலப்பு. "நாஞ் சொன்னேம்ல!" என்று அவள் வெளியே திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அவள் முகம் பூரித்துப்போனது. எனக்கும் என் பெருந்தன்மையை நினைத்துக் கொஞ்சம் பூரிப்புதான். வெளியே கூட்டம் வராந்தாவைத் தாண்டி மரத்தடி வரை நின்றது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட இருக்காது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்திய நுணல் சௌக்கியமாக இருந்தது, கேட்டவள்தான் கெட்டாள்.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம் ஆனது. தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடியில் லீவு கிடைத்திருக்காது என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்று ஒரு நோயாளியைப் பற்றி நினைப்பதைப்போலச் சுகமான நினைப்பு கிடையாது. சிஸ்டரிடம் சொல்லி ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனி போர்மேனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், வேலைக்காரர்கள் மேல் அக்கறை உள்ளவர். பேச்சியம்மாள் கையைத் துண்டால் மூடியிருந்தாள். துண்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு இரண்டும் பந்துபோல் வீங்கியிருந்தன. வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"மாத்திரை போடுறியா?"

"எங்க போடுறது? வயித்துலருந்துதான் வருதுன்னு ஆகிப்போச்சு. அந்த மாத்திரை வயித்தக் கெடுக்குது. அப்ப அதைப் போட்டா நோவு கூடத்தானே செய்யும்? நிறுத்திட்டேன்."

வேறென்ன செய்தாய் என்று கேட்டேன். வாய்வு என்று டாக்டரே ஒப்புக்கொண்ட பிறகு, வாய்வுக்கு உள்ள வைத்தியம் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வாரா வாரம் விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்கு எடுத்திருக்கிறாள். மொச்சை, தட்டைப்பயறு, கடலை, கிழங்கு, வாழைக்காய் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு வெள்ளைப்பூண்டும் ரசச் சோறுமாக இருந்திருக்கிறாள். குடலில் நல்ல கிருமிகள் விரும்பித் தின்பது அந்தப் பயறு, காய்கறியில் இருக்கிற நார்ச்சத்தைத்தான் என்று மதுரையில் கேட்டிருந்தேன். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லையே. அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை, நான் கொடுத்த பாதிச் சேதியை வைத்து நேராகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

போர்மேன் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், இவுக கை மாதிரி திரி வைக்கிற கை எங்க கம்பெனியில வேற கெடையாது. லோடு போக இன்னும் முப்பது நாளுதான். ஊசி போட்டா வீக்கம் வத்திரும்னு சொல்றாக. ஒரு ஊசியப் போட்டு, கை வேலைக்குத் தகுதியா இருக்குன்னு சின்னதா ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீகன்னா நான் மொதலாளிகிட்டப் பேசிக்கிடுவேன்."

"எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றாள் பேச்சியம்மாள். "இப்ப வெளிய நின்னா, எம் எடத்துக்கு வேற ஆளு வந்துரும். பெறகு உள்ள போக முடியாது." அவள் குரல் மாறியது. "நீங்க சொல்லித்தானே நிறுத்துனேன்?"

அந்த வார்த்தையோடு ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை உங்கள் எதிரிக்கும் வரவேண்டாம். பேனா கையில் இருந்தது. சீட்டு எழுதத் துடித்தேன், அதை மறைக்க மாட்டேன். அவளுக்காக இல்லை, என் மனசு ஆறுவதற்காக. ஊசி போடுவது சரியான வைத்தியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாலைந்து நாளில் வீக்கம் வடியும். ஆனால் வீக்கம் வடிவது வேறு, விரலுக்குப் பிடிமானம் திரும்புவது வேறு. திரி வைக்கிற அறையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாத ஒரு கை அங்கே இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதியில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் வாதம் பண்ணவில்லை. என் பேனாவைத் திருகி, ரீஃபிலை வெளியே எடுத்து, இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன்.

"இதை உள்ள போடு பேச்சி."

முதல் தடவை ரீஃபில் கையிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. இரண்டாம் தடவை பேனாவின் வாய் தப்பியது. மூன்றாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், ரீஃபில் வளைந்து மை அவள் பெருவிரலில் வழிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்மேன் எழுந்து, மேஜையில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டார். "சரி தாயி, சீட்டு வேண்டாம்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. தப்புச் செய்துவிட்டோம் என்ற உறுத்தல் இருக்கும்போது எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நேரத்தில் நாம் வைத்தியம் பார்ப்பது நமக்குத்தான்.

அவளுக்கு ஊசி போட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, வயிற்றுப் புரட்டலுக்கும் சேர்த்து மருந்து எழுதி அனுப்பினேன். அவள் போனதும் சிஸ்டர் கதவருகிலேயே நின்றார்.

"மேடம், பேச்சி மட்டும் இல்ல."

"என்ன சிஸ்டர்?"

"அன்னைக்கு நீங்க சொன்னது வரிசை பூராக் கேட்டுச்சு."

எழுந்து வராந்தாவுக்குப் போனேன். பெஞ்சிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். வார மாத்திரையை நிறுத்தினவர்கள் யார் யார், திட்டமாட்டேன், கையைத் தூக்குங்கள் என்றேன். முதலில் ஒரு கை. பிறகு மூன்று. கடைசியில் பதினொன்று. கையைத் தூக்குங்கள் என்று கேட்டேனே தவிர, தூக்கத்தான் அவர்களால் முடியவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சிலர் தோள் வரைக்கும்தான் கொண்டுவந்தார்கள். பாதிக் கைகள் விரியவில்லை.

பிறகு சொன்னேன். "நான் அன்னைக்குச் சொன்னது பொய்யில்ல. வயித்துக் கிருமிக்கும் மூட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. ஆனா அந்தக் கிருமியால நோவு வந்துச்சா, நோவால கிருமி மாறுச்சான்னு இன்னும் தீர்மானமாத் தெரியல. இன்னதத் தின்னா அது மாறி நோவு போயிரும்னு சொல்ல எங்ககிட்ட இன்னும் ஒண்ணும் இல்ல. பேதிக்கு எடுத்தாப் போகாது, தயிரு குடிச்சாலும் போகாது. இன்னைக்கி வெரலைக் காப்பாத்துறது அந்த மாத்திரைதான். வயித்தப் புரட்டுனா எங்கிட்ட வந்து சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. வாய்வுன்னே சொல்லுங்க. கேலி பண்ண மாட்டேன்."

தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "இம்புட்டையும் அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தாயி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த சீசன் அந்தக் கம்பெனியில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். பேச்சியம்மாள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள், லோடு போனது, தீபாவளி வந்தது. சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். நம் தொழிலில் சரியான முடிவு எடுத்ததற்கு அத்தாட்சி பெரும்பாலும் கிடைக்காது, அது இல்லாமலே இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டுகள் இரண்டும் அவளுக்குத் தேறிவிட்டன. அந்த இரண்டு விரல்களும் தேறவில்லை. எலும்பு அரித்த பிறகு எந்த மாத்திரையும் அதைத் திருப்பிக் கொடுக்காது. போர்மேன் முதலாளியிடம் பேசி, பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பக்கம் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவள் திரிக்காரி. அந்தக் கம்பெனியிலேயே வேகமான கை தன்னுடையது என்று பெருமையாகச் சொன்னவள். லேபிள் ஒட்டுகிற வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்குப் பிறகு என் ஓ.பி.யில் வயிற்றைப் பற்றிக் கேட்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. அடேயப்பா, எவ்வளவு கதைகள் வந்தன! கடையில் வாங்கிய வலி மாத்திரையால் குடலில் ரத்தம் கசிந்து மலம் கருப்பாகப் போய்க்கொண்டிருந்ததை, 'வாய்வு கருப்பாப் போகுது' என்று சொன்ன ஒரு விவசாயி அதனாலேயே பிழைத்தார். மொச்சைக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. பயறு நல்லது என்று புத்தகம் சொல்கிறது, மறுநாள் விரல் மடங்கவில்லை என்று பேச்சி சொல்கிறாள். இரண்டையும் அவள் ஓ.பி. சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கண்டுபிடியுங்கள்.

சென்ற மாதம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். அவள்கூட இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், திரி பக்கம் வேலை பார்க்கிறவளாம், விரல்கள் வீங்கியிருந்தன. பேச்சியம்மாள் என்னைக் காட்டி அவளிடம் சொன்னாள்.

"நாஞ் சொன்னேம்ல, அந்த டாக்டரம்மா இவுகதான். தங்கமான மனுசி. நாந்தான் கூறுகெட்டவ, இவுக சொன்னதுல பாதிய மட்டும் கேட்டுட்டுப் போயி வெரலக் கெடுத்துக்கிட்டேன்."

இத்தனை வருடமும் அவள் ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"இல்ல பேச்சி. நான் பாதியத்தான் சொன்னேன்" என்றேன்.

"விடுங்க டாக்டரம்மா. அன்னைக்கு எம்புட்டுக் கூட்டம்! நீங்கதான் என்ன செய்வீக?" என்று அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கூட்டம் அதிகம் என்று நான் எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அது. அதை அவள் வாயால் கேட்க நேர்ந்ததைத் தாங்க முடியவில்லை.

விரலைக் காட்ட அந்தப் பெண் ஒரு வியாழக்கிழமை உங்களிடம்தான் வருவாள். அன்றைக்கும் கூட்டம் இருக்கும். முழுசாகச் சொல்லி அனுப்புங்கள்.